யானை, பொன், எலெக்ட்ரான்வோல்ட்

முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் ஸ்ரீரங்கத்தில் கொடுத்த துலாபாரத்தைப் பற்றி அந்தக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு ஒரு செய்தி சொல்கிறது. 1251-ல் பட்டத்துக்கு வந்தவன் அவன். இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் தலைநகர் வைத்திருந்த ஹொய்சளரை முறியடித்தவன். அரங்கனின் விமானத்துக்குப் பொன் போர்த்தியதால் பொன்வேய்ந்த பெருமாள் என்றே அழைக்கப்பட்டவன். தான் மட்டும் தட்டில் ஏறி உட்காருவது அவனுக்குப் போதவில்லை. காவிரியில் இரண்டு படகுகளை விடச் சொன்னான். ஒன்றில் பட்டத்து யானையை ஏற்றி அதன்மேல் தான் அமர்ந்தான். மற்றதில் பொன்னையும் மணியையும் கொட்டச் செய்தான். இரண்டு படகும் தண்ணீரில் ஒரே மட்டத்துக்கு அமிழ்ந்ததும் கொட்டுவது நின்றது. கொட்டியது முழுவதும் கோயிலுக்குப் போனது.

பக்தியும் பெருமிதமும் கலந்த இந்தக் கதையில் எனக்கு முதலில் தெரிவது அளவை முறைதான். யானையைத் தாங்கும் துலாக்கோல் அன்றைக்கு எங்கே இருந்திருக்கும்? இருந்திருந்தாலும் யானையும் பொன்னும் ஒரே கோலின் இரண்டு முனைகளில் தொங்கவில்லை. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தாமல் ஆற்று நீரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ஒரே மாதிரிப் படகு ஒரே மட்டத்துக்கு அமிழ்ந்தால், விலக்கிய நீரும் ஒன்று, ஏற்றிய நிறையும் ஒன்று. யானை நாலு டன் என்று வைத்துக்கொண்டால் மறு படகில் நாலு டன் பொன் இருந்தாக வேண்டும். இன்றைய கணக்கில் ஐந்து லட்சம் பவுன்.

இதேபோல் நேராகத் தட்டில் ஏற்ற முடியாதவற்றை அளக்கும் துகள் இயற்பியல்காரர்கள் நிறையைக் கிராமில் சொல்வதில்லை. எலெக்ட்ரான் 0.511 மெகா எலெக்ட்ரான்வோல்ட், புரோட்டான் 938.272 மெகா எலெக்ட்ரான்வோல்ட் என்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அணுக்கருப் பாடத்துக்கு வரும் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். வோல்ட் மின்சாரத்துக்கு உரியது, அதில் எப்படி எடை போடுவது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். 'ஒரு அணு நிறை அலகு 931 மெகா எலெக்ட்ரான்வோல்ட், மனப்பாடம் பண்ணிக்கொள்' என்பதே பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் பதில். அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அதற்கான பொருள் வேண்டிய மட்டும் கிடக்கிறது.

எலெக்ட்ரானை எந்தத் தட்டிலும் வைக்க முடியாது. அதைக் கையாளும் வழி மின்னழுத்தம் ஒன்றுதான். டார்ச்சில் போடும் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே ஒன்றரை வோல்ட் இருக்கிறது. ஒரு எலெக்ட்ரான் அந்த இடைவெளியைக் கடந்தால் அது பெறும் ஆற்றல் ஒன்றரை எலெக்ட்ரான்வோல்ட். லட்சம் வோல்ட்டைக் கடந்தால் லட்சம். துகளை முடுக்கும் எந்திரத்தை ஓட்டுகிறவர்களுக்குத் தாங்கள் செலவழித்த வோல்ட் எவ்வளவு என்பது எப்போதும் தெரியும். ஆகவே கணக்கை அதிலேயே வைத்துக்கொள்கிறார்கள். 1905-ல் ஐன்ஸ்டைன் சொன்னபடி நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும். ஆற்றலை அதே எண்ணால் வகுத்தால் நிறை கிடைக்கும். அந்த வர்க்கத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவது இயற்பியல்காரர்களின் பேச்சு வழக்கம். தங்களுக்குள் பேசும்போது அதில் தவறில்லை. வகுப்பறையில் மட்டும் அதை விட்டுவிடக் கூடாது.

வகுத்துப் பார்க்கலாம். ஒரு எலெக்ட்ரான்வோல்ட் 1.602176634 × 10⁻¹⁹ ஜூல். ஒளிவேகம் வினாடிக்கு 299792458 மீட்டர், அதன் வர்க்கம் ஏறக்குறைய 9 × 10¹⁶. வகுத்தால் 1.783 × 10⁻³⁶ கிலோகிராம் வருகிறது. இத்தனை சுழிகளையும் ஒரே மூச்சில் விழுங்கச் சொன்னால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். அவை இரண்டு வேறு இடங்களிலிருந்து வந்தவை. எலெக்ட்ரானின் மின்னூட்டம் அவ்வளவு சிறியது என்பதால் பாதிக்கு மேல் வந்தன. ஒளி அவ்வளவு வேகமானது என்பதால் மீதி வந்தன. முதலாவது பொருளைப் பற்றிய செய்தி, இரண்டாவது வெளியையும் காலத்தையும் பற்றியது.

எதிர்த்திசையில் போனால் ஒரு கிராம் 5.61 × 10²³ ஜிகா எலெக்ட்ரான்வோல்ட். வேதியியல் படித்தவர்களுக்கு இந்த எண் எங்கேயோ பார்த்த முகமாகத் தெரியும். அவகாட்ரோ எண் 6.022 × 10²³. ஒரு கிராமில் அத்தனை அணு நிறை அலகுகள் அடங்கும். புரோட்டானின் நிறை ஒரு ஜிகா எலெக்ட்ரான்வோல்ட்டை ஒட்டியே இருப்பதால் இந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.9315. மனப்பாடம் பண்ணச் சொன்ன 931 இதுதான். கிராமை அணுக்களாக எண்ணும் வழியும் கிராமை ஆற்றலாக எண்ணும் வழியும் எவ்வளவு நெருக்கம், எவ்வளவு விலகல் என்பதை அது சொல்கிறது.

இனி எட்டு கிராம் தங்கத்தை, அதாவது ஒரு பவுனை, எடுத்துக்கொள்வோம். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பெரிய கடை வீதி, சின்னக் கடை வீதி, ஜாபர்ஷா தெரு பக்கம் நாள் முழுக்கக் கைமாறும் அளவு. எட்டு கிராம் என்பது 4.49 × 10²⁴ ஜிகா எலெக்ட்ரான்வோல்ட். அதற்குள் ஏறக்குறைய 2.45 × 10²² தங்க அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 183.5 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட். 2012 ஜூலை 4 அன்று ஜெனிவாவின் செர்ன் ஆய்வகம் அறிவித்த ஹிக்ஸ் போசானின் நிறை ஏறக்குறைய 125. அடிப்படைத் துகள்களில் மிகக் கனமான டாப் குவார்க் 173-ஐ ஒட்டியது. எழுபத்தொன்பது புரோட்டானும் நூற்றுப்பதினெட்டு நியூட்ரானும் சேர்ந்து கட்டிய ஒரு தங்க அணுவின் கனத்தை, உள்ளே வேறு எதுவும் இருப்பதாகத் தெரியாத ஒற்றைத் துகள் கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது. தங்கத்தைக் கிராமிலும் குவார்க்கை எலெக்ட்ரான்வோல்ட்டிலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தால் இந்தப் பெரிய வியப்பு கண்ணில் படவே படாது.

கடை வீதிக்குப் பின்புறச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு வளையலுக்குப் பற்றவைப்பு நடந்துகொண்டிருந்தது.

"ஏன் பத்தரே, கொடுத்த தங்கம் அப்படியே திரும்பி வருமா?"

"எப்படி சார் வரும்? உருக்கறப்ப கொஞ்சம், ராவறப்ப கொஞ்சம், மெருகு போடறப்ப கொஞ்சம். அரப்பொடியைக் கூட்டி எடுத்து உருக்கினாலும் முழுசாச் சேராது. சேதாரம் இல்லாம நகை கிடையாது சார்."

அணுக்கருவிலும் அந்தக் கணக்கு உண்டு. 79 புரோட்டான், 118 நியூட்ரான், 79 எலெக்ட்ரான் ஆகியவற்றைத் தனித்தனியே எடை போட்டுக் கூட்டினால் 185.03 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் வரும். அவை சேர்ந்து தங்க அணுவானபின் 183.47 தான். தங்க அணுவின் நிறையில் நூற்றுக்கு 0.85 பங்கு அளவு குறைகிறது. எட்டு கிராம் பவுனுக்கு 68 மில்லிகிராம் சேதாரம். பத்தரின் சேதாரம் பட்டறைத் தரையிலோ காற்றிலோ தங்கமாகவே எங்கோ இருக்கிறது. இந்த 68 மில்லிகிராம் அப்படி எங்கும் கிடக்கவில்லை. அணுக்கரு கட்டப்பட்ட காலத்தில், நம் சூரியன் பிறக்கும் முன்பு, அது ஆற்றலாக வெளியேறிவிட்டது. மின்வாரியக் கணக்கில் 17 லட்சம் யூனிட். நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதும்போது தங்கம் போன்ற கனத்த தனிமங்கள் பிறக்கின்றன என்பதற்கு 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான ஈர்ப்பலையும் அதைத் தொடர்ந்து தெரிந்த ஒளியும் சான்று தந்தன. அப்படிப்பட்ட ஏதோ ஒரு மோதலில் நம் பவுனின் சேதாரம் கழிந்திருக்கக்கூடும்.

இதை வைத்துக்கொண்டு பாண்டியனின் படகுகளை மீண்டும் பார்த்தால், ஆற்று நீர் காட்டாத ஒன்று தெரியவருகிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று யானையை நீராகவே வைத்துக்கொள்கிறேன். உயிருடம்பில் பெரும்பகுதி நீர்தான். நீரில் ஒரு நியூக்ளியானின் (புரோட்டான் அல்லது நியூட்ரானின்) பங்குக்குச் சராசரியாக 0.9320 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் நிறை வருகிறது. தங்கத்தில் 0.9313. தங்கத்தின் நியூக்ளியான்கள் இன்னும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் ஒவ்வொன்றும் ஒரு துளி இலேசு. ஆகவே நிறை சரிசமமாக நின்றபோது எண்ணிக்கை சமமாக இருந்திருக்காது. நாலு டன்னுக்கு, மூன்று கிலோ அளவு நியூக்ளியான்கள் பொன் படகில் கூடுதலாக இருந்திருக்கும். புரோட்டானையும் நியூட்ரானையும் தலை எண்ணிச் சமன் செய்திருந்தால் அரங்கனுக்கு மூன்று கிலோ பொன் குறைந்திருக்கும்.

என் எண்ணம் முழுவதும் இந்த மூன்று கிலோவில்தான் நிற்கிறது. நிறை என்றால் 'உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது' என்பதன் அளவு என்றுதான் பள்ளியில் எல்லோரும் பதிய வைத்துக்கொள்கிறோம். அது உண்மையாக இருந்தால் நியூக்ளியான்களை எண்ணினாலே போதும். எடை போடுவது அந்த எண்ணிக்கைக்கு ஒரு குறுக்கு வழி, அவ்வளவுதான். நிறை அப்படிப்பட்டது அல்ல. அது ஒரு பொருளுக்குள் அடங்கியிருக்கும் ஆற்றலின் மொத்தக் கணக்கு. பிணைப்பு கணக்கைக் குறைக்கும், உள்ளே நடக்கும் ஓட்டம் கூட்டும். கிராமில் எழுதும்போது இந்த வரவுசெலவு கண்ணுக்குத் தெரியாது. எலெக்ட்ரான்வோல்ட்டில் எழுதினால் தெரியும். வசதிக்காக வந்த அலகு, பொருளைப் பற்றிக் கிராம் சொல்லாத ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். புரோட்டானுக்குள் இரண்டு மேல் குவார்க், ஒரு கீழ் குவார்க். மேல் குவார்க்கின் நிறை ஏறக்குறைய 2.2, கீழ் குவார்க்கினுடையது 4.7 மெகா எலெக்ட்ரான்வோல்ட். மூன்றையும் கூட்டினால் ஒன்பதைச் சற்றே தாண்டும். புரோட்டானோ 938. மீதி எல்லாம் குவார்க்குகளின் ஓட்டத்திலும் அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலத்திலும் உள்ள ஆற்றல். இதே கணக்கை ஒரு பவுனுக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு கிராமில் குவார்க்குகளின் சொந்த நிறை என்று சொல்லத்தக்கது 90 மில்லிகிராம் அளவு. குண்டுமணி ஒன்றின் எடை ஏறக்குறைய 120 மில்லிகிராம். 'குண்டுமணித் தங்கம்கூட இல்லை' என்று வறுமையைச் சொல்வோமே, ஒரு முழுப் பவுனுக்குள்ளும் அந்த வகையில் குண்டுமணி அளவு சரக்குகூட இல்லை. தட்டை அழுத்துவது பெரும்பாலும் ஓட்டமும் பிணைப்பும்தான்.

அப்படியானால் தராசு இந்த ஆற்றலையும் சேர்த்துத்தான் எடை போடுகிறதா? இதை ஐன்ஸ்டைனின் பேரை மட்டும் நம்பி ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பிணைப்பு ஆற்றலின் பங்கு ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு. ஈர்ப்பு அந்தப் பங்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வெவ்வேறு உலோகங்கள் வெவ்வேறு விதமாக விழும். ஹங்கேரியில் எயோட்வோஷ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முறுக்குத் தராசை வைத்து இதைச் சோதிக்கத் தொடங்கினார். நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் கௌரிபிதனூரில், டாட்டா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராம்நாத் கௌசிக்கும் உன்னிகிருஷ்ணனும் அவர்களுடைய குழுவினரும் நிலத்தடியில் முறுக்குத் தராசு அமைத்து 1980களில் அதே மரபைத் தொடர்ந்தார்கள். எல்லாத் தனிமங்களும் ஒன்றுபோலவே விழுகின்றன என்பதுதான் இன்றுவரை கிடைத்த விடை. 2005-ல் இன்னொரு நேரடிச் சோதனை வந்தது. சிலிக்கன், கந்தக அணுக்கருக்கள் ஒரு நியூட்ரானை விழுங்கும்போது வெளிவரும் காமாக் கதிரின் ஆற்றலை ஒரு குழு அளந்தது. அதே அணுக்களின் நிறை வித்தியாசத்தை மின்காந்தப் பொறியில் இன்னொரு குழு அளந்தது. இரண்டும் ஒரு கோடியில் நாலு பங்கு நுட்பத்துக்கு ஒத்துப்போயின. இப்படிப் பொய்யாகிப் போயிருக்கக்கூடிய சோதனைகளில் நின்று பிடித்ததால்தான் 1.783 × 10⁻³⁶ என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தைரியமாகப் போய்வர முடிகிறது. அடியை மீட்டராக மாற்றுவது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. கிராமை எலெக்ட்ரான்வோல்ட்டாக மாற்றுவது இயற்கையிடம் கேட்டுப் பெற்ற அனுமதி.

எடைக்கல் யாருடையது என்பதும் பழைய கேள்விதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதாக வருகிறது. மணிகளுக்கு 'தட்சிணமேருவிடங்கன்' என்று தனிக்கல். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கணக்கு இறங்கும். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றி மணி கொடிக்குக் கொடி மாறும். கல் மாறாது. அதனால் கல்லுக்கு இறைவன் பேரை வைத்துக் கோயிலிலேயே பத்திரப்படுத்தினார்கள். 1889-லிருந்து உலகத்துக்கே ஒரு ஆடவல்லான் இருந்தது. பாரிஸுக்கு அருகே செவ்ரில் பூட்டி வைத்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராம். அதன் 57-ஆம் எண் படி தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 1956-ல் மெட்ரிக் எடைகளைச் சட்டமாக்கியபின் நம் ஊர்க் கடை வரைக்கும் வந்த கிராம் அந்த வம்சாவளிதான். உருளையும் அதன் படிகளும் நூறாண்டில் ஒன்றிலிருந்து ஒன்று 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகிப்போயின. பத்தருக்கு அது தூசிகூட இல்லை. எலெக்ட்ரான்வோல்ட்டில் சொன்னால் 2.8 × 10¹⁹ ஜிகா. அத்தனை பிழையை அடியில் வைத்துக்கொண்டு ஒற்றைத் துகளின் நிறையை நுட்பமாகக் கிலோகிராமில் எழுத முடியாது. துகள்காரர்கள் கிராமை நெருங்காமல் இருந்ததற்கு வசதி மட்டும் காரணமல்ல. கிராமின் பக்கம்தான் ஆட்டம் இருந்தது.

2019 மே 20 முதல் அந்த உருளைக்கு வேலை இல்லை. பிளாங்க் மாறிலியை 6.62607015 × 10⁻³⁴ என்று நிலைநிறுத்தி அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறார்கள். அதே நாளில் எலெக்ட்ரானின் மின்னூட்டமும் நிலையான எண்ணாயிற்று. ஒளிவேகம் 1983-லேயே அப்படி ஆகிவிட்டது. ஆகவே எலெக்ட்ரான்வோல்ட்டுக்கும் கிலோகிராமுக்கும் இடையே உள்ள எண்ணில் இன்று பிழையே கிடையாது. எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டே போகலாம். ஜாபர்ஷா தெருத் தராசும் ஜெனிவாவின் முடுக்கியும் ஒரே ஆதாரத்தில் நிற்கின்றன. இது நம் காலத்தில் நடந்த மிகப் பெரிய காரியம். செய்தித்தாள்களில் ஒரு நாள் மூலைச் செய்தியாக வந்து போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் நடுவே திருவானைக்காவல். சி. வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று அங்கே பிறந்தார். அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல், இருபது வயது நிறையுமுன், பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகையில் அவர் போட்ட கணக்கு எனக்குத் தெரிந்த நிறை மாற்றங்களிலேயே மிகத் துணிச்சலானது. எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய விண்மீன் எவ்வளவு கனம்வரை தாக்குப்பிடிக்கும் என்பது கேள்வி. விடையில் விண்மீனுக்கென்று தனி எண் எதுவும் வரவில்லை. ஒளிவேகம், பிளாங்க் மாறிலி, ஈர்ப்பு மாறிலி, புரோட்டானின் நிறை, இவ்வளவுதான்.

அந்த விடையைப் பிளாங்க் நிறை கொண்டு எழுதினால் அதன் அழகு தெரியும். முதல் மூன்று மாறிலிகளை மட்டும் சேர்த்துக் கட்டக்கூடிய நிறை அது: 22 மைக்ரோகிராம், அல்லது 1.22 × 10¹⁹ ஜிகா எலெக்ட்ரான்வோல்ட். குண்டுமணியை ஐயாயிரத்து ஐந்நூறு பங்காக்கினால் ஒரு பங்கு. பிளாங்க் நிறையை மும்முறை பெருக்கி, புரோட்டான் நிறையால் இருமுறை வகுங்கள். 3.7 × 10³⁰ கிலோகிராம் வரும். சூரியனைப்போல் 1.85 மடங்கு. விண்மீனில் ஒரு எலெக்ட்ரானுக்கு எத்தனை நியூக்ளியான் என்பதையும் அமைப்பைச் சார்ந்த ஒரு சிறு எண்ணையும் சேர்த்தால் நாம் அறிந்த 1.4 சூரியன் கிடைத்துவிடும். சந்திரசேகர் 1931-ல் வெளியிட்ட மதிப்பு 0.91. எலெக்ட்ரானுக்கு இரண்டரை நியூக்ளியான் என்று அப்போது எடுத்துக்கொண்டிருந்தார். ஒடுங்கிய விண்மீனில் இருக்கும் ஹீலியம், கார்பன், ஆக்சிஜனுக்கு அது இரண்டு. கடை வீதித் தராசு உணராத தூசு, எந்தத் தராசிலும் ஏறாத புரோட்டான், ஒரு விண்மீன் ஆகிய மூன்றும் ஒரே வரியில் சமன்பட்டுவிட்டன. இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ள வானியலாளர் எடிங்டனுக்கு மனம் வரவில்லை. நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள் இந்த ஒரு பெருக்கலையும் வகுத்தலையும் அங்கேயே உட்கார்ந்து போடச் செய்யலாம். கால்குலேட்டர் ஒன்று போதும்.

டன்னுக்கும் எலெக்ட்ரான்வோல்ட்டுக்கும் இடையிலான மாற்றத்தைப் பணியாகவே செய்தவர்கள் கோலாரில் இருந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டிய சுரங்கம் அது. டாட்டா ஆய்வு நிறுவனத்து இயற்பியல்காரர்கள் அவர்களுடைய கூண்டிலேயே இறங்கிப் பூமிக்குள் கருவிகளை வைத்தார்கள். 1965-ல் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயம் அங்கே பதிவானது. 1980களில் எம். ஆர். கிருஷ்ணசுவாமி முதலானோர் 2300 மீட்டர் ஆழத்தில் 140 டன் இரும்பை அடுக்கிக் காத்திருந்தார்கள். புரோட்டான் என்றைக்காவது சிதையுமா என்பதே தேடல்.

ஒரு புரோட்டானின் ஆயுள் 10³¹ ஆண்டு என்றால், ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பயனில்லை, நிறைய வேண்டும். எத்தனை டன் இரும்பு வேண்டும் என்ற கேள்வி இங்கே நேராக அலகு மாற்றமாகிவிடுகிறது. ஒரு டன்னில் ஏறக்குறைய 6 × 10²⁹ நியூக்ளியான், 140 டன்னில் 8.4 × 10³¹. ஆயுள் 10³¹ என்றால் ஆண்டுக்கு எட்டுச் சிதைவு. 10³² என்றால் ஒன்றுகூடத் தேறாது. ஒவ்வொரு சிதைவும் 0.938 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட்டை வெளிவிட வேண்டும். அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் அது வேறு ஏதோ. இரும்பைச் சுரங்கத்துக்கு அனுப்புகிறவர் டன்னில் கணக்கு எழுதினார், சிதைவைத் தேடியவர் எலெக்ட்ரான்வோல்ட்டில் எழுதினார். இருவரும் எழுதியது ஒரே இரும்பைத்தான்.

சில நிகழ்வுகள் சிதைவாக இருக்கலாம் என்று கோலார் குழு கருதியது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அதைவிடப் பெரிய நீர்த்தொட்டிகள் வைத்துப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்றும் தென்படவில்லை. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேயில் 50,000 டன் நீர் இன்றும் காத்திருக்கிறது. அங்கே இதுவரை பார்த்ததிலிருந்து, பாசிட்ரானும் பயானுமாகச் சிதைவதென்றால் புரோட்டானின் ஆயுள் 10³⁴ ஆண்டுகளுக்கும் மேல் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.